ரேடியஸ் சர்வரில் நினைவகப் பிழை: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியிலோ அலுவலகத்திலோ வைஃபையில் சேரும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறதே, அதைச் சரிபார்ப்பது பெரும்பாலும் ஒரு ரேடியஸ் சர்வர். அந்த வேலைக்கு உலகெங்கும் பரவலாக ஓடுவது ஃப்ரீரேடியஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். 1999இல் தொடங்கிய திட்டம் அது. சி மொழியில் எழுதப்பட்டது. ஒருமுறை நிறுவி ஓடத் தொடங்கிவிட்டால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முந்தைய நிர்வாகி வேலையை விட்டுப் போயிருப்பார். எந்தக் கணினியில் ஓடுகிறது, எந்தப் பதிப்பு என்று சொல்ல ஆளிருக்காது. அந்த நாற்காலியில் இப்போது வந்து உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

இத்தகைய சர்வரில் நினைவகப் பிழை (ஒதுக்கிய இடத்துக்கு அப்பால் எழுதும் அல்லது படிக்கும் குறை) என்று அறிவிப்பு வந்தால், "எங்கள் பயனர்களின் கடவுச்சொற்கள் வலுவானவைதானே" என்று ஆறுதலடைவது இயல்பு. அந்த ஆறுதலுக்கு இடமில்லை. வந்திருப்பவர் யார் என்று முடிவெடுப்பதற்கு முன்பே, அவர் அனுப்பிய பாக்கெட்டைப் பிரித்துப் படித்தாக வேண்டிய கட்டாயம் இந்த சர்வருக்கு உண்டு. படிக்கும் அந்த இடத்திலேயே பிழை இருந்தால் பேச்சு கடவுச்சொல் வரை போகவே போகாது.

முதலில், பிழை எப்படிப்பட்டது என்று பாருங்கள்

உண்மையில் நடந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் மற்றவை தானாக விளங்கும். பாதுகாப்புப் பிழைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் அடையாள எண்ணுக்கு சிவிஇ என்று பெயர். சிவிஇ-2012-3547 என்ற எண் கொண்ட பிழையை எடுத்துக்கொள்வோம். பிரி-செர்ட் என்ற பாதுகாப்புக் குழுவின் வழியாக டிமோ வார்ன்ஸ் என்பவர் இதைத் தெரிவித்தார். 2.1.10, 2.1.11, 2.1.12 ஆகிய மூன்று பதிப்புகளிலும் இது இருந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று வெளிவந்த 2.2.0 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

பயனரின் கருவியும் சர்வரும் அடையாளத்தைச் சரிபார்க்கப் பேசும் நெறிமுறை இஏபி. அதன் ஒரு வகையான இஏபி-டிஎல்எஸ் முறையில், சர்வர் மட்டுமல்ல, பயனரின் கணினியும் ஒரு சான்றிதழைக் காட்டும். சான்றிதழில் அது எந்த நாள் வரை செல்லும் என்ற காலாவதித் தேதி இருக்கும். ஒழுங்கான சான்றிதழில் அந்தத் தேதி 13 எழுத்துகளில் அடங்கிவிடும். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதினால் 15. சர்வர் அந்தத் தேதியை எடுத்து, ஸ்டாக்கில் (செயற்கூறு ஓடும்போது பயன்படுத்தும் நினைவகப் பகுதி) ஒதுக்கிய 64 பைட் பஃபர் (தரவைப் போட்டு வைக்கும் இடம்) ஒன்றில் நகலெடுத்தது. நேர்மையான தேதிக்கு 64 பைட் தாராளம்.

நகலெடுக்கும் முன் நீளத்தைச் சோதிக்கவும் செய்தது. ஆனால் சோதனை பஃபரின் அளவோடு அல்ல, 254 என்ற வேறொரு மாறிலியோடு. ரேடியஸ் பாக்கெட்டில் ஒரு பண்பின் மதிப்பு எவ்வளவு நீளம் போகலாம் என்பதற்காக மென்பொருளில் வைத்திருந்த எண் அது. தேதி 254க்குக் குறைவாக இருந்தால் போதும், நகலெடு என்பதுதான் நிபந்தனை. உழக்கில் ஒரு படிப் பாலை ஊற்றுவது போல. கணக்கும் ஏறத்தாழ அதே நாலு மடங்குதான். வழிவது தரையில் சிந்திப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் மதிப்புகளின் மேல் விழுகிறது. அங்கே, இந்தச் செயற்கூறு முடிந்ததும் நிரல் எங்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்ற முகவரியும் இருக்கலாம். அந்த முகவரி குப்பையாகிவிட்டால் சர்வர் விழும். தாக்குபவர் தாம் விரும்பிய முகவரியை அங்கே எழுத முடிந்தால், அவர் கொண்டுவந்த நிரல் சர்வரின் உரிமையோடு ஓடும்.

எனக்கு இந்தப் பிழையில் மிகவும் உறுத்துவது, சோதனை இல்லாமல் போனதல்ல. சோதனை இருந்தது. நிரலைப் படிப்பவரின் கண் "நீளம் பார்க்கப்பட்டிருக்கிறது" என்று திருப்தியடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும். திருத்தமோ ஒரே வரி: 254ஐ எடுத்துவிட்டு, பஃபரின் சொந்த அளவோடு ஒப்பிடுவது.

தாக்குபவர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். சர்வர் இருக்கும் நெட்வொர்க்குக்குள் அவர் வர வேண்டியதில்லை. 802.1எக்ஸ் முறையில் (ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சரிபார்த்து இணைக்கும் முறை) இயங்கும் வைஃபையின் அக்செஸ் பாயிண்ட் (வைஃபை அலைபரப்பும் பெட்டி) வழியாகவே இதைச் செய்ய முடியும் என்று ஃப்ரீரேடியஸ் திட்டமே தன் அறிவிப்பில் எச்சரித்தது. வாகன நிறுத்தத்தில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர் திருத்திய சான்றிதழைக் காட்டுவார். அக்செஸ் பாயிண்ட் அதைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே அனுப்பிவைக்கும். அதுதான் அதன் வேலை.

படி 1: உங்களிடம் இது எங்கெல்லாம் ஓடுகிறது

ரேடியஸ் யுடிபி போர்ட் 1812இல் நுழைவுக் கோரிக்கைகளையும் 1813இல் கணக்குப் பதிவுகளையும் கேட்கும். பழைய நிறுவல்களில் 1645, 1646 ஆகிய போர்ட்டுகள் இருக்கக்கூடும். லினக்ஸ் கணினிகளில் 'எஸ்எஸ்' கட்டளையைக் கொடுத்து, இந்த போர்ட்டுகளில் எந்த நிரல் காதுகொடுத்துக் காத்திருக்கிறது என்று பாருங்கள். டெபியன், உபுண்டு கணினிகளில் அதன் பெயர் 'ஃப்ரீரேடியஸ்'. ரெட் ஹேட் குடும்பத்தில் 'ரேடியஸ்டி'.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். மறுமுனையிலிருந்தும் வாருங்கள்: வைஃபை கண்ட்ரோலர், ஸ்விட்ச், விபிஎன் பெட்டி ஒவ்வொன்றின் அமைப்புப் பக்கத்தையும் திறந்து, ரேடியஸ் சர்வர் என்று எந்த ஐபி முகவரி எழுதப்பட்டிருக்கிறது எனக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் நினைவில்லாத இரண்டாவது சர்வர் அங்கேதான் தலைகாட்டும்.

இன்னொன்று, ஃப்ரீரேடியஸ் வேறு பெயரில் வேறொரு பொருளுக்குள் ஒளிந்திருக்கலாம். மேலே சொன்ன 2012 பிழையையே பாருங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஓஎஸ் எக்ஸ் சர்வருக்குள்ளும் ஃப்ரீரேடியஸ் இருந்தது. அதற்கான திருத்தம் 2013 அக்டோபரில், ஓஎஸ் எக்ஸ் சர்வர் 3.0 வெளியானபோதுதான் வந்தது. மூல மென்பொருள் சரியாகி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. ஆகவே ரேடியஸ் வசதி உள்ள பயர்வால், ரவுட்டர், வைஃபை மேலாண்மைப் பெட்டி எதுவானாலும் பட்டியலில் சேருங்கள். உள்ளே இருப்பது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 2: பதிப்பு எண்ணை எப்படிப் படிப்பது

நிரலின் பெயரோடு சிறிய 'வி' சுவிட்சைச் சேர்த்து ஓட்டினால் பதிப்பு எண் தெரியும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். லினக்ஸ் வினியோகங்கள் பல, பாதுகாப்புத் திருத்தத்துக்காகப் பதிப்பு எண்ணை உயர்த்துவதில்லை. பழைய பதிப்பிலேயே அந்த ஒரு திருத்தத்தை மட்டும் ஒட்டி, தொகுப்பின் வாலில் உள்ள எண்ணைக் கூட்டுவார்கள். 2012இல் டெபியனும் ரெட் ஹேட்டும் அப்படித்தான் செய்தன. 2.1.10 என்று காட்டும் டெபியன் கணினி திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம், திருத்தப்படாததாகவும் இருக்கலாம்.

எனவே நிரல் சொல்லும் எண்ணை நம்பி முடிவெடுக்காமல், தொகுப்பு மேலாளரிடம் முழுப் பதிப்பைக் கேளுங்கள். பிறகு அந்தத் தொகுப்பின் மாற்றக் குறிப்பைத் திறந்து, நீங்கள் தேடும் சிவிஇ எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் குடும்பத்தில் 'ஆப்ட்' கட்டளைக்குள் 'சேஞ்ச்லாக்' என்ற துணைக்கட்டளையும், ரெட் ஹேட் குடும்பத்தில் 'ஆர்பிஎம்' கட்டளைக்கு அதே பெயரில் ஒரு தெரிவும் உண்டு. எண் இருந்தால் திருத்தம் வந்துவிட்டது.

பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் ஸ்கேனர் வெறும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து அபாயம் என்று சிவப்பில் எழுதித் தருவது வழக்கம். அப்போது இந்த மாற்றக் குறிப்பே உங்கள் பதில். எதிர்ப்புறமும் உண்மை: மூலத்திலிருந்து தாமாகவே தொகுத்து நிறுவியிருந்தால் வினியோகத்தின் அப்டேட் அதைத் தொடாது. 'யுஎஸ்ஆர்' அடைவின் கீழே உள்ள 'லோக்கல்' அடைவைப் பாருங்கள். அங்கே ஒரு ரேடியஸ் கிடந்தால், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

இரண்டாம் வரிசைப் பதிப்புகள் ஓடுகின்றன என்றால் திருத்தம் தேடி நேரம் செலவிட வேண்டாம். அந்த வரிசை 2017இல் வந்த 2.2.10ஓடு முடிந்தது. மூன்றாம் வரிசைக்கு மாறுவதற்குத் திட்டம் போடுங்கள். அமைப்புக் கோப்புகளின் அடைவு முறையே மாறியிருப்பதால் பழைய கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டால் ஓடாது.

படி 3: யாரால் இந்தப் பிழையைத் தொட முடியும்

இரண்டு பாதைகள் உண்டு. இரண்டுக்கும் காவல் வேறு வேறு என்பதால், குழப்பிக்கொள்ளாமல் இருப்பது அவசியம்.

ஒன்று, அக்செஸ் பாயிண்ட் வழியாக வருவது. பயனரின் கருவியும் சர்வரும் பேசும் இஏபி உரையாடல், ரேடியஸ் பாக்கெட்டுக்குள் பொதியாக வைக்கப்பட்டு வருகிறது. பாக்கெட்டை அனுப்புவது நம்பகமான அக்செஸ் பாயிண்ட். உள்ளே இருக்கும் பொதி வழிப்போக்கருடையது. 2012 பிழை இந்த வகை. பயர்வாலில் என்ன விதி எழுதினாலும் இது தடைபடாது. கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபை போல, வெளிநிறுவனப் பயனர்களின் கோரிக்கைகளும் சர்வருக்குச் சர்வர் கைமாறி வரும் அமைப்பில் இருந்தால் இந்தப் பாதை இன்னும் அகலம்.

மற்றது, நேராக 1812க்கு ஒரு யுடிபி பாக்கெட்டை எறிவது. ரேடியஸ் பாக்கெட்டின் தலைப்பு 20 பைட். அதன் பிறகு பண்புகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் தன் வகையையும் நீளத்தையும் தானே சொல்லிக்கொள்ளும். அனுப்புபவர் சொல்லும் நீளத்தை நம்பிப் படிக்கும் ஒவ்வொரு வரியும் பிழைக்கு இடம்தரக்கூடிய வரி. 2017இல் இது வெட்டவெளிச்சமானது. அந்த ஆண்டு ஜூனில் ஓபன்விபிஎன் மென்பொருளில் குறைகளைக் கண்டுபிடித்த கீடோ விராங்கன் என்பவரை ஃப்ரீரேடியஸ் திட்டம் தானே அழைத்தது. ஃபஸிங் என்னும் முறையில், கோணல்மாணலான பாக்கெட்டுகளைக் கோடிக்கணக்கில் ஊட்டிப் பார்க்கச் சொன்னது. எல்லைக்கு அப்பால் எழுதுதல், எல்லைக்கு அப்பால் படித்தல், நினைவகக் கசிவு, முடிவில்லாச் சுழற்சி என்று பல பிழைகள் வந்தன. அவற்றுக்கான சிவிஇ எண்கள் 2017-10978இலிருந்து தொடங்குகின்றன. ஜூலை 17 அன்று 3.0.15, 2.2.10 ஆகிய இரு பதிப்புகளும் திருத்தங்களோடு வந்தன. நிரலைப் பகுப்பாய்வு செய்யும் கருவிகளை அந்தத் திட்டம் அதற்கு முன்பே பயன்படுத்திவந்தது என்பதை நினைவில் வையுங்கள். தன் நிரலைத் தாக்கிப் பார்க்க வெளியாளைக் கூப்பிட்டு, கிடைத்ததை ஒளிக்காமல் வெளியிட்ட திட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்த இரண்டாம் பாதையைப் பெருமளவு அடைத்துவிடலாம். அடுத்த படி அதைப் பற்றியது.

படி 4: வாசலைச் சுருக்குங்கள்

பயர்வாலில் 1812, 1813 ஆகியவற்றை உங்கள் அக்செஸ் பாயிண்ட், கண்ட்ரோலர், ஸ்விட்ச் ஆகியவற்றின் முகவரிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள். இணையத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம்.

அடுத்து, சர்வரோடு பேச எந்தக் கருவிகளுக்கு அனுமதி என்று சொல்லும் 'கிளையண்ட்ஸ்' அமைப்புக் கோப்பைத் திறவுங்கள். முழு நெட்வொர்க்கையே ஒரே வரியில் அனுமதித்திருந்தால் அதை நீக்கி, ஒவ்வொரு கருவிக்கும் தனி வரியும், அந்தக் கருவியும் சர்வரும் மட்டும் அறிந்த தனி ரகசியச் சொல்லும் எழுதுங்கள். சோதனைக்கென்று மென்பொருளோடு வரும் 'டெஸ்டிங்123' என்ற ரகசியம், உள்கணினியின் வரியைத் தாண்டி வேறெங்கும் இருக்கக் கூடாது.

அதே கோப்பில், மெசேஜ் ஆதென்டிகேட்டர் (ரகசியச் சொல்லைக் கொண்டு பாக்கெட்டில் இடும் முத்திரை) கட்டாயம் என்று சொல்லும் வரியை இயக்குங்கள். காரணம் இதுதான். யுடிபியில் அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுத முடியும். நுழைவுக் கோரிக்கையின் தலைப்பில் உள்ள 16 பைட் அடையாளமோ வெறும் தற்செயல் எண். ரகசியச் சொல் தெரியாதவரும் அதை எழுதலாம். ஆகவே இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால், ரகசியம் தெரியாத ஒருவர் எறிந்த பாக்கெட்டின் பண்புகளையும் சர்வர் உட்கார்ந்து பிரிக்கும். கட்டாயமாக்கினால், முத்திரை சரியில்லாத கோரிக்கை அதற்கு முன்பே கீழே போடப்படும். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் தாக்குதலுக்கு எதிரான காவலும் இதே வரிதான். அது நெறிமுறையின் குறை, நினைவகப் பிழையல்ல என்றாலும். மிகப் பழைய கருவிகள் இந்த முத்திரையை அனுப்பாமல் இருக்கலாம் என்பதால், கருவிக்குக் கருவி சோதித்தபடியே இயக்குங்கள்.

தேவையில்லாத பகுதிகளை அணைத்துவிடுங்கள். ஃப்ரீரேடியஸ், கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வராகவும் வேலை செய்யும். 2017இல் வந்த பிழைகளில் பல அந்தப் பகுதியில் இருந்தவை, அதை இயக்காதவர்களைத் தொடாதவை. இஏபி முறைகளிலும் உங்கள் பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவையுங்கள்.

முதன்மை அமைப்புக் கோப்பில் சர்வர் எந்தப் பயனராக ஓடுகிறது என்று பாருங்கள். ரூட்டாக ஓடக் கூடாது. டெபியனில் அதற்கென்றே 'ஃப்ரீராட்' என்ற பயனர் உண்டு. கோர் டம்ப் எடுக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; விழுந்த சர்வரின் நினைவகப் படத்தில் கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் அப்படியே கிடக்கும்.

படி 5: புதுப்பித்தல்

அக்செஸ் பாயிண்ட்டுகள் பொதுவாக முதல் சர்வர், மாற்று சர்வர் என இரண்டை ஏற்கும். மாற்று சர்வர் இல்லையென்றால், அவசரமற்ற ஒரு நாளில் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். பகல் நேரத்தில் பயமின்றிப் பேட்ச் போட அதுவே வழி. மாற்றை முதலில் புதுப்பித்துச் சோதித்துவிட்டு, பிறகு முதன்மைக்கு வாருங்கள்.

அமைப்புக் கோப்புகளின் அடைவு முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு தொகுப்பைப் புதுப்பியுங்கள். உடனே சர்வரை மீண்டும் கிளப்ப வேண்டாம். பெரிய 'எக்ஸ்', பெரிய 'சி' இரண்டு சுவிட்சுகளையும் சேர்த்துக் கொடுத்தால், அமைப்பைப் படித்து, பிழை இருந்தால் சொல்லிவிட்டு நின்றுவிடும். அது சுத்தமாக முடிந்த பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் கட்டாயம். வட்டில் புதிய கோப்பு வந்துவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய பிழையோடுதான் நினைவகத்தில் இருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்துக்கு அப்டேட் வரும்போதும் இதே கதைதான். சான்றிதழைப் பிரித்துப் படிக்கும் வேலையின் பெரும்பகுதி அந்த நூலகத்துக்குள் நடப்பதால், அதன் ஒவ்வொரு பாதுகாப்பு அறிவிப்பையும் ரேடியஸ் சர்வருக்கான அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனில் 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி, பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டிக்கொடுக்கும்.

படி 6: சோதனை

'ராட்டெஸ்ட்' கட்டளையால் ஒரு சோதனைப் பயனரை உள்ளே விட்டுப் பாருங்கள். ஆனால் அது சாதாரணக் கடவுச்சொல் சோதனை மட்டுமே. டிஎல்எஸ் பகுதியைத் தொடாது. அதற்கு டபிள்யூபிஏ சப்ளிகண்ட் திட்டத்தோடு வரும் 'இஏபிஓஎல் டெஸ்ட்' கருவி வேண்டும். முழு உரையாடலையும் அக்செஸ் பாயிண்ட் இல்லாமலே நடத்திக் காட்டும். இரண்டும் சரியாக வந்த பிறகு, ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், ஒரு விண்டோஸ் மடிக்கணினி என்று நேரில் இணைத்துப் பாருங்கள்.

தாக்கும் நிரலை எங்கிருந்தாவது இறக்கி, உங்கள் சர்வரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரலாம். ஓடும் சர்வரில் வேண்டவே வேண்டாம். மாற்றக் குறிப்பு போதுமான சான்று.

உடனே புதுப்பிக்க முடியாத நிலையில்

தேர்வு நாளாக இருக்கலாம், விற்றவர் இன்னும் திருத்தம் தராமல் இருக்கலாம். நேர்ப் பாதையை மேலே சொன்னபடி அடைத்துவிடுங்கள். இஏபி வழியாக வரும் பிழை என்றால், அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்ட முறையை மட்டும் அணைத்து, பாதிப்பில்லாத முறைக்குப் பயனர்களை மாற்ற முடியுமா என்று பாருங்கள். அது முடியாவிட்டால், திருத்தம் வரும் வரை 802.1எக்ஸ் வைஃபையை நிறுத்தி, கம்பிவழி இணைப்பில் வேலையை ஓட்டுவது நியாயமான முடிவு. நிர்வாகத்திடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இந்த நெருக்கடியில் ஒரு தவறான வழி கண்ணில் படும்: பிழை டிஎல்எஸ் பகுதியில்தானே, டிஎல்எஸ் இல்லாத இஏபி-எம்டி5, எல்இஏபி போன்ற பழைய முறைகளுக்குத் திரும்பிவிடலாம் என்பது. வேண்டாம். காற்றில் போகும் உரையாடலைப் பிடித்து, கடவுச்சொல்லை ஊகித்து எடுக்க அவை இடம்தரும்.

ஏற்கெனவே யாராவது நுழைந்திருந்தால்

லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நடத்தும் சிஸ்டம்டி, விழுந்த சர்வரை நொடிகளில் மீண்டும் கிளப்பிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். நல்ல வசதிதான், ஆனால் அதனாலேயே விழுந்தது உங்களுக்குத் தெரியாமல் போகும். கெர்னல் லாகில், நினைவகப் பிழையால் நிரல் விழுந்ததைக் குறிக்கும் 'செக்ஃபால்ட்' என்ற சொல்லோடு ரேடியஸ் நிரலின் பெயர் வந்திருக்கிறதா, சர்வீஸ் எத்தனை முறை தானாக எழுந்திருக்கிறது என்று பின்னோக்கித் தேடுங்கள். இன்றைய தொகுப்புகளில் கம்பைலர் வைக்கும் காவல்கள் பல தாக்குதல்களை வெறும் விழுதலாக மாற்றிவிடும். அதனால் ஒவ்வொரு விழுதலும் யாரோ முயன்று தோற்றதன் தடயமாக இருக்கக்கூடும். எப்போது விழுந்தது, அந்த நொடியில் எந்த அக்செஸ் பாயிண்ட்டிலிருந்து எந்தக் கருவி பேசிக்கொண்டிருந்தது என்று ரேடியஸ் லாகோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

உள்ளே நுழைந்ததற்கான அறிகுறி உண்மையாகவே இருந்தால், பேட்ச் போட்டு முடித்துவிட முடியாது. கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, வட்டின் நகலை எடுத்து வைத்துவிட்டு, புதிய நிறுவலில் தொடங்குங்கள். பிறகு அந்த சர்வர் அறிந்திருந்த ஒவ்வொரு ரகசியத்தையும் மாற்ற வேண்டும். கருவிகளோடு பகிர்ந்த ரகசியச் சொற்கள், பயனர் கணக்குகள் இருக்கும் எல்டாப் அல்லது ஆக்டிவ் டைரக்டரியில் நுழைய அது வைத்திருந்த கணக்கு, தரவுத்தளக் கடவுச்சொல், சர்வர் சான்றிதழின் தனிச் சாவி எல்லாம் இதில் அடக்கம். பழைய சான்றிதழை ரத்து செய்வதையும் மறக்க வேண்டாம். கடவுச்சொல்லைக் கேட்கும் இஏபி வகைகளான பிஇஏபி, டிடிஎல்எஸ் முறைகளில் பயனர்களின் கடவுச்சொற்கள் இந்த சர்வரில்தான் சரிபார்க்கப்பட்டிருக்கும். எனவே நுழைந்த நாளுக்குப் பிறகு இணைந்த அனைவரும் தங்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

பயனர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் சிஏவின் தனிச் சாவியும் வசதிக்காக அதே கணினியில் வைக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். சிறிய நிறுவல்களில் அப்படி இருப்பது சகஜம். இருந்திருந்தால் புதிய சிஏ ஒன்றை இணைப்பில்லாத வேறொரு கணினியில் உருவாக்கி, எல்லாப் பயனர் சான்றிதழ்களையும் மறுபடி வழங்கி, பழைய சிஏவை நம்பும் வரியை ரேடியஸ் அமைப்பிலிருந்தும் பயனர்களின் கருவிகளிலிருந்தும் நீக்கியாக வேண்டும்.